ராஜாவின் கல்லில் ஒரு பென்சில் புள்ளி

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ப் பக்கம் கல்யாணப் படம் எடுத்தும், நெகட்டிவ்வுக்கு ரீடச்சிங் செய்தும் பிழைத்தவன் நான். சமஸ்தான மன்னர்களின் பழைய படம் கிடைத்தால் என் கண் முதலில் நகைக்குத்தான் போகும்.

அந்தக் காலக் கண்ணாடித் தகட்டில் நீலம் நன்றாகப் பதியும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். மாணிக்கம் கரித்துண்டாகத் தெரியும், தங்க ஆரம் மங்கிப்போகும். ராஜாவை அப்படியா காட்டுவது? நெகட்டிவ்வில் கறுப்பு வைத்த இடம் படத்தில் வெளுப்பாக வரும். கூராகச் சீவிய பென்சிலால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு புள்ளி வைத்தால் போதும், கல் மின்னும். அம்மைத் தழும்பும் அதே பென்சிலில் மறையும். இன்னும் வேண்டுமென்றால் அச்சிட்ட படத்தின் மேல் ஓவியர் வண்ணமும் பொன்னும் பூசுவார்.

இத்தனை பாடு எதற்கு? ஆங்கிலேயர் மன்னர்களின் போர் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு, மரியாதையைப் பீரங்கி முழக்கத்தால் அளந்தார்கள். மைசூருக்கு 21 குண்டு, திருவிதாங்கூருக்கு 19, புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு 11. வாள் எடுத்துப் போருக்குப் போக முடியாதவர் வாளோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அதை வெறும் ஆடம்பரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் அரசை நிமிர்த்திக் காட்ட அவருக்கு மிஞ்சியிருந்த இடங்களில் அதுவும் ஒன்று.

ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ராம்சிங் படத்துக்கு உட்கார்ந்ததோடு நிற்காமல் கேமராவைத் தானே கையில் எடுத்தவர். ஹைதராபாத் நிஜாமின் புகைப்படக்காரர் லாலா தீன் தயாள், 1892-ல் பிற ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்களுக்காகத் தனி ஸ்டூடியோவே திறந்தார். அங்கே படம் எடுத்தவரும் பெண்தான்.

எங்கள் பக்கம் அப்போது பிரெஞ்சு ஆட்சி, ராஜா கிடையாது. ஆனாலும் செதுக்கு வேலை செய்த நாற்காலி, பூச்சாடி வைத்த மேசை, தூணும் திரைச்சீலையும் வரைந்த ஸ்கிரீன் எல்லாம் எங்கள் ஸ்டூடியோக்களுக்கும் வந்து சேர்ந்தன. பாகூர் ஏரித் தண்ணீரில் நெல் விளைத்த பெரியவர் அந்த நாற்காலியில் உட்காருவார். கை முழங்காலில், மோவாய் சற்றே உயர, பக்கத்தில் மேசையைத் தொட்டபடி அவர் சம்சாரம். அரண்மனைப் படத்தில் பார்த்த அதே போஸ். அவர்கள் முகத்துக்கும் நான் பென்சில் பிடித்திருக்கிறேன், ராஜாவுக்கு அன்று பென்சில் பிடித்தவர்களின் அதே கவனத்தோடு.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்கலாம். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், முகமே உரிந்து வந்துவிடும். சட்டத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் படமெடுங்கள். உட்கார்ந்திருப்பவர் யாரென்று சொல்ல ஆள் இருக்கும்போதே பெயரை எழுதி வையுங்கள்.