பள்ளியும் குடியாட்சியும் – 9: பதினாறு வயதில் ஒரு வாக்கு

பின்லாந்துக்குத் தெற்கே, வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கிறது எஸ்டோனியா. மக்கள்தொகை 13 லட்சம் சொச்சம்தான். 1991-ல் சோவியத் பிடியிலிருந்து விடுபட்டபோது கஜானாவில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட நாட்டில், 1996 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரி ‘புலிப் பாய்ச்சல்’ திட்டத்தை அறிவித்தார். எல்லாப் பள்ளிகளுக்கும் கணினி, இணையம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்பதுதான் திட்டம். கல்வி அமைச்சராக இருந்த யாக் ஆவிக்சூவும், வாஷிங்டனில் தூதராக இருந்த தூமாஸ் ஹென்ட்ரிக் இல்வெஸும் சேர்ந்து கண்ட யோசனை இது. இல்வெஸ் அகதிக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவில் படித்த காலத்தில் ஒரு கணக்கு டீச்சர் அவருக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தார். ஒரு டீச்சர் விதைத்தது ஒரு நாட்டின் கல்விக் கொள்கையாக முளைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

கணினிகளை இறக்கிவைத்ததோடு அரசு நின்றுவிடவில்லை. ஆசிரியர்களைப் பழக்கியது. பிறகு அந்தத் தலைமுறை வளர வளர, அதிகாரத்திலும் பங்கு கொடுத்தது. 2005-ல் உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் இணையவழி வாக்களிப்பு வந்தது. 2015-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்தார்கள். 2017 அக்டோபரில் பள்ளி மாணவர்கள் முதல் வாக்கைப் போட்டார்கள்.

இணையத்தில் வாக்களிப்பது எப்படி? அடையாள அட்டையைக் கணினியோடு இணைத்த கருவியில் செருக வேண்டும். ஆள் யார் என்று காட்ட ஒரு ரகசிய எண். வாக்கை உறுதிசெய்ய இன்னொன்று. அப்பா பின்னால் நின்று, “இவருக்குத்தான் போடணும்” என்று அதட்டினால்? போட்டுவிட்டு, அவர் போன பிறகு மாற்றிப் போடலாம். கடைசியாகப் போட்டதுதான் செல்லும். வாக்குச்சாவடிக்குப் போய்ச் சீட்டில் வாக்களித்தால் இணைய வாக்கு ரத்தாகிவிடும். வீட்டுக்குள் இருக்கும் அதிகாரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே 2017-ல், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, ஏறக்குறைய 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் சில்லில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரியவந்தது. அரசு மூடி மறைக்கவில்லை. வெளிப்படையாக மக்களிடம் சொன்னது. அரசுப் பதிவேடுகளில் தன் தகவலை யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று குடிமக்கள் இணையத்திலேயே சரிபார்க்கும் வசதியும் அங்கே உண்டு. அரசு மக்களைக் கண்காணிப்பது எல்லா ஊரிலும் நடப்பது. மக்கள் அரசைக் கண்காணிக்க வழி செய்தது அபூர்வம்.

மேனிலை வகுப்புகளில் ஊடகங்கள் நம்மை எப்படி வசப்படுத்துகின்றன என்பதற்கென்றே 35 மணி நேரக் கட்டாயப் பாடம் வைத்திருக்கிறார்கள். பள்ளியின் ஆலோசனைக் குழுவில் பெற்றோர், ஆசிரியர்களோடு மாணவர் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. என் கணிப்பில், புலிப் பாய்ச்சலின் வெற்றிக்குக் கணினிகளைவிட, மாணவர்களுக்கு இப்படி இடம் கொடுத்ததே பெரிய காரணம்.

நம் பள்ளிகளிலும் செயலிகள் நுழைந்துவிட்டன. வருகைப்பதிவு, மதிப்பெண், புகைப்படம் எல்லாம் எங்கோ போய்ச் சேர்கின்றன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தத் தகவல்கள் யார் கைக்குப் போகின்றன? இதை முடிவு செய்தபோது பிள்ளைகளிடம் யாராவது கேட்டீர்களா?