ஆபரேஷனுக்குப் பின் நடப்பதும் சிகிச்சையே



புற்றுநோய்க்காக வயிற்றில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவரை மறுநாளே எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், வீட்டார் பதறிப்போகிறார்கள். "தையல் பிரிந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். நர்ஸ் வரும்போது, "இப்போதுதான் கண் அயர்ந்தார், அப்புறம் பார்க்கலாம்" என்று தடுப்பவர்களும் உண்டு. அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த அன்பே நோயாளிக்குக் கேடாக முடியக்கூடும்.

முற்காலத்தில் டாக்டர்களும் இவ்வாறே எண்ணி, நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1899-ல் சிகாகோ நகரில் எமில் ரீஸ் என்ற டாக்டர், வயிற்று ஆபரேஷன் ஆனவர்களைச் சீக்கிரமாக எழுந்திருக்கச் செய்து, அவர்கள் நலமாயிருந்ததை எழுதினார். அதைப் பலர் ஏற்கவில்லை. 1940-களில்தான் இவ்வழக்கம் பரவத் தொடங்கியது.

படுத்தே இருப்பதால் என்ன கேடு? நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அசையாத காலில் இரத்தம் தேங்கி உறைகிறது. புற்றுநோயே இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் நோயாதலால் இவர்களுக்கு ஆபத்து அதிகம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மேலும், ஆழ்ந்து மூச்சு விடாததால் சளி தேங்கி நிமோனியா வரலாம். உடம்பின் பலமும் நாளுக்கு நாள் குறைகிறது. இரத்தம் உறையாதிருக்க ஊசி போடுவதுண்டு. நடை அந்த ஊசிக்குப் பதிலல்ல, அதற்குத் துணை.

நடக்கத் தொடங்குவது எப்படி? டாக்டர் அனுமதித்த பிறகு, முதலில் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றிக் கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டும். தலைசுற்றல் இல்லையென்றால் துணைக்கு ஒருவர் நிற்க எழுந்து, சில அடிகள் நடக்கலாம். இருமல் வந்தால் ஒரு தலையணையைத் தையலின்மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலி அதிகமிருந்தால் மறைக்காமல் சொல்லி மருந்து கேட்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பதைவிட, மருந்து எடுத்துக்கொண்டு நடப்பது நல்லது. வீடு திரும்பிய பின் தினமும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டலாம். ஆனால் டாக்டர் சொல்லும் வரை தண்ணீர்க் குடம் போன்ற பாரங்களைத் தூக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், தையலில் சீழ் வடிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

புண் ஆறிய பிறகும் நடையை விட்டுவிடலாகாது. கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2025-ல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் ஒருவர் வழிகாட்டினார். வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமான பயிற்சியைக் கூடுதலாகச் செய்வதே இலக்கு. மறுபாதியினருக்கு ஆலோசனைப் புத்தகங்கள் மட்டும் தரப்பட்டன. எட்டாண்டுகளுக்குப் பின் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 90 பேரும், மற்றவர்களில் 83 பேரும் உயிரோடிருப்பதாகக் கணக்கிடப்பட்டது. பயிற்சி செய்தவர்களுக்குத் தசை வலி, மூட்டு வலி சற்று அதிகமாயிருந்தது. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே பலன் கிடைக்கும் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. நடப்பதால் கீமோதெரபி வேண்டாம் என்றும் பொருளல்ல. கீமோதெரபியையும் முடித்து, நடையையும் தொடர்ந்தவர்களே இந்தப் பலனைக் கண்டார்கள்.

இந்த ஆராய்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். புத்தகம் கையில் இருப்பது போதவில்லை. கூடவே இருந்து ஊக்குவிக்க ஒருவர் தேவைப்பட்டார். நம் ஊர்களில் அதற்கென்று பயிற்சியாளர் கிடைப்பது அரிது. ஆனால் சபையில் நல்ல மனமுள்ள ஒருவர் அந்தத் துணையாகலாம். சிகிச்சை முடிந்து திரும்பிய விசுவாசியைப் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ், பழம் கொண்டுபோகிறோம், ஜெபிக்கிறோம். ஜெபம் முடிந்ததும், "வாங்க, தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வருவோம்" என்று அழைத்துப் பாருங்கள். மறுவாரமும் போய் அழையுங்கள்.