நோயாளியின் உரிமையும் கடமையும்

நோய் வந்தால் மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று. நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். ஆனால் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நம்மில் பலர் நோயாளியை வாய் பேசாப் பொருளாக ஆக்கிவிடுகிறோம். நோய் இன்னதென்று மருத்துவர் மகனிடம் சொல்கிறார், மகன் தலையசைக்கிறார், படுத்திருக்கும் தாயிடம் எவரும் கேட்பதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வீட்டிலிருந்தோர் அன்னாரின் வாயோரத்தில் மருந்தூற்ற முனைந்தனர். வேண்டாமென்று அன்னார் சைகை செய்தார்கள். மருந்தை வெறுப்பது நோயாளிக்கு இயல்புதானே என்றெண்ணி ஊற்றிவிட்டனர். தெளிவு வந்ததும் அன்னார் அதைக் கண்டித்தார்கள். அங்கிருந்த அனைவருக்கும் அம்மருந்தையே புகட்டச் செய்தார்கள். உடனிராத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள். ஊற்றியவர்கள் அன்பால்தான் ஊற்றினார்கள். ஆயினும் நோயாளியின் மறுப்பை அன்பு அழித்துவிடாது என்பது இதில் விளங்கவில்லையா?

தேர்ந்த மருத்துவரேயானாலும், நோயாளியின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி உடலில் கத்தி வைத்துக் கேடு விளைந்தால், அவர் ஈடு செலுத்த வேண்டுமென்ற ஹன்பலீ சட்ட அறிஞர்களின் முடிவை, 1350ல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதியுள்ளார்கள். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2008ல் இதையொட்டிய தீர்ப்பொன்றை வழங்கியது. 1995ல் டெல்லியில் 44 வயதுப் பெண்மணி ஒருவர் பரிசோதனைக்கு இசைந்து மயக்க நிலையில் இருக்கையில், தாயாரிடம் மட்டும் சம்மதம் பெற்று அவரது கருப்பையை அகற்றிவிட்டனர். சுயமாக முடிவெடுக்கவல்ல நோயாளிக்காக, உயிராபத்து இல்லாத நிலையில், தாயார் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை எடுத்துரைத்த பின்னரே சம்மதம் பெற வேண்டும் என்றும் அது கூறியது.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆண் மருத்துவர் சோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்க வேண்டுமென்று பெண்கள் கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் முன்வைத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில் இது இடம்பெற்றுள்ளது. ஆகவே, ஹயாவைக் காக்க விரும்பும் சகோதரிகள் கேட்கத் தயங்க வேண்டாம்.

உரிமையைக் கேட்பவர் கடமையையும் அறிய வேண்டும். முதற்கடமை உண்மை உரைத்தல். வேறிடத்தில் உண்ட மருந்தை மறைப்பவர் தமக்கே தீங்கிழைக்கிறார். சர்க்கரை நோயுள்ளவர் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் நோன்பைப் பற்றிப் பேச வேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவது வணக்கமாகாது. நோயாளிக்கு அல்லாஹ்வே திருமறையில் சலுகை அளித்திருக்கிறானே!

மருத்துவம் அறியாதவர் சிகிச்சை செய்தால் அதன் விளைவுக்கு அவரே பொறுப்பு என்பது நபிமொழி. தம் மாத்திரையை அண்டை வீட்டாருக்கு எடுத்துக் கொடுப்போர் இதைச் சிந்திக்கட்டும். தமக்கு இரத்தம் குத்தி எடுத்த அபூதைபா (ரலி) அவர்களுக்கு அண்ணலார் (ஸல்) கூலி அளித்தார்கள். மருத்துவரின் கட்டணத்தையும், அவருக்காகக் காத்திருக்கும் பிற நோயாளிகளின் நேரத்தையும் மதிப்பதும் நம்மீது கடமையே.

சகோதரர்களே! அடுத்த முறை உங்கள் தாயை, தந்தையை, மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, அவர்களைப் பேச விடுங்கள். அவர்களுக்குப் புரியும்படி சொல்லுமாறு மருத்துவரைக் கேளுங்கள். உடல் அவர்களிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அதைப் பற்றி முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்களே. நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.