களத்துக்கு வெளியே – 9: நொண்டாத காயம்

போன வாரம் பார்த்த வான் பாஸ்டனின் கணுக்காலை யாரும் சந்தேகப்படவில்லை. ஹாரி க்யூவெலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருக்குப் பிரச்சினை தொடை இடுக்கில். அங்கே மாவுக்கட்டு போட முடியாது, வீக்கம் வெளியே தெரியாது, நடந்தால் நன்றாகத்தான் நடப்பார். கால் முறிந்தவனுக்குக் கைதட்டி அனுப்பும் கூட்டம், இடுக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறவனைப் பார்த்து ‘இவனுக்கு ஆட மனசில்லை’ என்று சொல்லிவிடும். க்யூவெலைப் பற்றி லிவர்பூலில் ஐந்து வருடம் அப்படித்தான் பேசினார்கள்.

சிட்னிப் பையன். பதின்ம வயதிலேயே லீட்ஸ் யுனைடெட்டுக்கு வந்து, 1996இல் முதல் அணியில் இறங்கிவிட்டார். 2000இல் இங்கிலாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு லீட்ஸ் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. பிறகு அந்த கிளப் கடனில் மூழ்கி ஆட்களை ஒவ்வொருவராக விற்றது. 2003 கோடையில் 50 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூல் அவரை வாங்கியது. அந்தத் தரத்து இடது விங்கருக்கு அது அடிமாட்டு விலை. கொடுத்த சட்டை ஏழாம் எண். கீகனும் டால்கிலீஷும் போட்ட எண்.

முதல் சீசனில் குறை சொல்ல எதுவும் இல்லை. லீக்கில் 36 ஆட்டம், 7 கோல். அதற்குப் பிறகுதான் உடம்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது.

விங்கரின் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் இது புரியும். கோட்டோரமாக முழு வேகத்தில் ஓடி வருகிறார். எதிரே டிஃபெண்டர். அவருடைய எடை ஒரு காலுக்கு மாறும் நொடிக்காகக் காத்திருந்து, சட்டென்று பிரேக் போட்டு, மறுபக்கம் வெட்டித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது கால் பக்கவாட்டில் அகன்று போகாமல் உள்ளே இழுத்துப் பிடிப்பவை தொடையின் உட்புறத் தசைகள். இடுப்பெலும்பின் முன்புறம், அவற்றின் மேல்முனை ஒட்டியிருக்கும் இடத்துக்கே வயிற்றுத் தசையும் மேலிருந்து இறங்கி வருகிறது. கீழே ஒன்று இழுக்க, மேலே ஒன்று இழுக்க, நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடம்தான் அடி வாங்குகிறது. இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், நேராக ஓடினால் பெரும்பாலும் வலிக்காது. பயிற்சியில் ஓடிக் காட்டிவிட்டு ‘ரெடி’ என்று சொல்லிவிடலாம். எதிரி ஒருவன் நிற்கும்போது, யோசிக்காமல் திரும்பும் அந்த முதல் திருப்பத்தில்தான் குட்டு உடையும்.

2005 மே 25. இஸ்தான்புல். ஏ.சி. மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி. சீசன் பூராவும் காயத்தோடு மல்லுக்கட்டிய க்யூவெலைப் பயிற்சியாளர் ரஃபா பெனிட்டஸ் தொடக்கத்திலேயே இறக்கினார். அதற்காக நடுக்களத்தின் காவல்காரர் டீட்மர் ஹாமனை வெளியே உட்கார வைத்தார். முதல் நிமிடத்திலேயே மால்தினி கோல் போட்டார். 23ஆம் நிமிடத்தில் க்யூவெல் கையை உயர்த்திவிட்டார். தொடை இடுக்கில் தசை கிழிந்திருந்தது. அவர் வெளியே நடந்தபோது சொந்த ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். ஒரு காலை இழுத்து நடந்திருந்தால்கூட கேலி கொஞ்சம் குறைந்திருக்குமோ என்னவோ.

பெனிட்டஸ் மீதுதான் எனக்குக் குறை. அரைகுறையாகத் தேறிய உடம்பை அந்த ஆட்டத்தில் பரீட்சைக்கு விட்டிருக்க வேண்டாம். இடைவேளைக்கு 0–3. பிறகு ஹாமன் வந்தார், ஆட்டமே மாறியது, பெனால்டியில் லிவர்பூல் கோப்பையைத் தூக்கியது. இரண்டாம் கோலை அடித்தவர் க்யூவெலுக்குப் பதிலாக வந்த விளாடிமிர் ஸ்மிசர். லிவர்பூலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. க்யூவெல் கிழியாமல் தாக்குப்பிடித்திருந்தால் ஸ்மிசர் அன்று களத்துக்கு வந்தே இருக்க மாட்டாரோ என்னவோ! அந்தக் கணக்கை எந்த ரசிகரும் க்யூவெல் பேரில் எழுதவில்லை.

அடுத்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதி, கார்டிஃப். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் மறுபடி காயம், மறுபடி வெளியே. அதே கோடையில் ஜெர்மனியில் உலகக் கோப்பை. 32 ஆண்டுக்குப் பிறகு ஆஸ்திரேலியா வந்திருந்தது. நடுவர் கிரஹாம் போல் ஒரே ஆளுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டிய குரோஷியா ஆட்டம் நினைவிருக்கிறதா? அதில் 79ஆம் நிமிடம் சமன் செய்து, நாட்டை அடுத்த சுற்றுக்கு அனுப்பியவர் க்யூவெல். ஆனால் இத்தாலிக்கு எதிராக அவரால் ஆட முடியவில்லை. இடது பாதத்தில் தாங்க முடியாத வலி. முதலில் கீல்வாதம் என்றார்கள். பிறகுதான் மூட்டுக்குள் கிருமி புகுந்தது தெரிந்தது. இத்தாலி கடைசி நிமிடப் பெனால்டியில் வென்றது.

2006–07 சீசனில் லீக்கில் ஆடியது இரண்டே ஆட்டம். ஏதென்ஸில் மறுபடி மிலானோடு இறுதி. இரண்டாம் பாதியில் மாற்று ஆளாக வந்தார், அணி தோற்றது. மூன்று வருடத்தில் அந்த மூன்று இறுதி ஆட்டங்கள். ஒன்றைக்கூட முழுதாக ஆடவில்லை. ஐந்து சீசனில் 190 லீக் ஆட்டங்களில் அவர் தலைகாட்டியது 93. கோல் 12.

2008இல் ஒப்பந்தம் முடிந்தது. அவர் போய்ச் சேர்ந்தது இஸ்தான்புல்லின் கலாட்டசராய்க்கு. 2000இல் லீட்ஸ் அங்கே ஆடப் போனபோது இரண்டு லீட்ஸ் ரசிகர்கள் கத்திக்குத்தில் செத்துப்போனார்கள். அன்றைய லீட்ஸ் அணியில் இருந்தவரே அந்த கிளப்பில் சேர்ந்ததை லீட்ஸ்காரர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. லிவர்பூல்காரர்களின் கோபம்தான் புரியவில்லை. துருக்கியில் ஆடிய மூன்று சீசனில், லிவர்பூலில் ஐந்து சீசனில் போட்டதைவிட அதிகக் கோல் போட்டார். கோட்டோரம் ஓடும் வேலை குறைந்து, கோல் பக்கம் நிற்கும் வேலை கூடியிருந்தது. ஆள் பற்றாக்குறையில் ஒருமுறை ஹாம்பர்க் அணிக்கு எதிராக நடுத் தடுப்பாட்டக்காரராகக்கூட அவரை நிறுத்தினார்கள். ஆட மனசில்லாதவர் என்று பெயர் வாங்கியவர், அதையும் ஆடினார்.

(தொடரும்)