விதை விற்கும் உத்தியோகம்

ஹைதராபாத்தில் மூசி நதியோரத்து உப்பல் பகாயத் நிலங்கள் மனைகளாகி ஏலத்துக்கு வந்து சில ஆண்டுகளாகிவிட்டன. ஆயினும் உப்பல் வாரங்கல் நெடுஞ்சாலையின் தொடக்கத்தில் அமைந்திருப்பதாலும், இராஜேந்திரநகர் விவசாய சர்வகலாசாலையும் பெரிய விதைக் கம்பெனிகளின் காரியாலயங்களும் அதே மாநகரில் இருப்பதாலும், விவசாயப் பட்டமோ இரண்டாண்டு டிப்ளமோவோ பெற்ற இளைஞர், உப்பலில் குடியிருந்தபடியே விதை, உரம், பூச்சிமருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதியாக ஜீவனம் நடத்துவது இன்றும் சாத்தியமே.

இந்த உத்தியோகம் எளிதில் அழியாது என்பது என் திடமான அபிப்பிராயம். தெலங்கானாவில் ஏறக்குறைய 5,000 ஏக்கருக்கு ஒரு விரிவாக்க அலுவலர் என்பதே அரசாங்கத்தின் ஏற்பாடு. அத்தனை வயல்களுக்கும் ஒருவரால் போய்வர இயலாதாகையால், இலையில் புள்ளி கண்ட விவசாயி முதலில் விசாரிப்பது உரக்கடைக்காரரையும் கம்பெனிப் பிரதிநிதியையுந்தான். பி.டி. பருத்தி விதைப் பாக்கெட்டின் உச்ச விலையை மத்திய அரசே ஆண்டுதோறும் நிர்ணயிப்பதால், அங்கே விலையைக் காட்டி விற்க அதிக இடமில்லை. ஆகவே பிரதிநிதி, காய் பிடித்த பருவத்தில் அக்கம்பக்கத்து விவசாயிகளைத் தம் கம்பெனி விதை போட்ட டெமோ வயலுக்கு அழைத்துப்போய், ஒரு செடியைப் பிடித்துக் கிளை கிளையாகக் காய்களை எண்ணிக் காட்டுகிறார். அடுத்த ஜூன் மாத விற்பனைக்கு அதுவே அஸ்திவாரம்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கடைக்குச் சரக்கை இறக்குவது சுலபம். ஆனால் மழை பொய்த்தால் விதை திரும்பி வருகிறது, கடைக்காரர் தரவேண்டிய பாக்கி நின்றுபோகிறது, டார்கெட்டும் அதையொட்டிய இன்சென்டிவும் சேர்ந்தே சரிகின்றன. வானத்தின் குற்றத்துக்கு மாதச் சம்பளக்காரரைத் தண்டிக்கும் இந்த வழக்கம் அநியாயமானது. தக்காளி, மிளகாய் முதலிய தோட்டப்பயிர் விதைகளோ ஒரே பருவத்தை நம்பியிராமல் வருஷத்தில் பலமுறை விலைபோவதால், புதிதாய் வருபவர் அந்தப் பிரிவை நாடுவது உசிதம்.

ஹைதராபாத்தின் ‘மேனேஜ்’ என்னும் விவசாய விரிவாக்க நிறுவனம் 2003 முதல் கடைக்காரர்களுக்கே ‘தேசி’ என்னும் ஓராண்டு டிப்ளமோ நடத்திவருவதால், பயிர் சாஸ்திரம் தெரியாத பிரதிநிதியின் பேச்சு இனிக் கல்லாப்பெட்டியைத் தாண்டி எடுபடாது. வேலையில் சேருமுன், திரும்பிவந்த சரக்கை யார் கணக்கில் கழிப்பார்கள் என்பதைக் கம்பெனியிடம் எழுத்துமூலமாகவே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.