வழிப்படைப்பும் கேட்போர் கடனும்

ஒரு கதையின்மேற் கொண்ட காதலால், அக்கதையையே முதலாக வைத்து, ஊதியம் கருதாது புதிதொன்று செய்வோர் எக்காலத்தும் உளர். அவரை ஈண்டு வழிப்படைப்பாளர் என வழங்குவாம். அவர்தம் படைப்பைக் கண்டும் கேட்டும் இன்புறுவோர் அவர்க்கு ஒரு மறுமொழி கூறும் கடமை உடையரா? அன்றி, 'விரும்பிச் செய்தான். விரும்பிக் கண்டோம்' என்று வாளா செல்லும் உரிமை உடையரா? இவ்வினா இன்றைய இளைஞரிடையே பெரிதும் பேசப்படுவது. ஆயினும் இது புதிய வினா அன்று. இதற்குரிய விடையின் பெரும்பகுதி நம் பாயிர மரபிலேயே அடங்கிக் கிடக்கின்றது என்பது எம் கருத்து.

எமக்கு இவ்வினா நூலகத்தில் எழுந்ததன்று; சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் எழுந்தது. செவ்வாய்க்கிழமைச் சந்தையாற் பெயர் பெற்றது என்று சொல்லப்படும் இப்பகுதி, மண்டிகளும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் நிறைந்தது. ஆடித் திங்களில் மாரியம்மன் விழாவை ஒட்டி இங்கு 'வண்டி வேடிக்கை' நிகழும். குகையிலும் அம்மாபேட்டையிலும் இவ்வழக்கம் உண்டு. அவற்றுள் குகையின் புகழ் பெரிது. புராணத்தினின்றோ இதிகாசத்தினின்றோ ஒரு காட்சியைத் தேர்ந்து, தெய்வங்களாகவும் மாந்தராகவும் வேடம் புனைந்து, ஒப்பனை செய்த வண்டிகளில் இரவில் உலா வருவர். முன்னாளில் மாட்டு வண்டிகள் வந்தன; இன்று லாரிகளும் மின்விளக்குகளும் வருகின்றன. சிறந்த வண்டிகட்குப் பரிசு வழங்குவதும் உண்டு.

இவ்வண்டிகளைச் சமயச் சடங்கு என்று மட்டும் கொண்டு ஒதுக்கிவிடுதல் நம்மனோர் வழக்கம். யாமும் பல்லாண்டு அவ்வாறே ஒதுக்கினோம். உற்று நோக்கின், ஒவ்வொரு வண்டியும் ஒரு விளக்கவுரை எனலாம். எக்காட்சியைத் தெரிவது, எவரை முன்னே நிறுத்துவது, எவரை நிழலில் வைப்பது என்பனவெல்லாம் மூலக்கதையைப் பற்றிய முடிவுகளே அல்லவா? தொல்காப்பிய மரபியல், நூலை முதல் எனவும் வழி எனவும் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தும். முழுக்கதையையும் ஒரு வண்டியின் நீள அகலத்துள் அடக்குதல் தொகுத்தலின்பாற்படும்.

இனி, பாயிர மரபைக் காண்போம். நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்குக் கூறும் எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயர் முதலாவது, 'வழி' இரண்டாவது, 'கேட்போர்' ஏழாவது. ஒரு நூல் எதன் வழியே வந்தது என்பதையும், அதனைக் கேட்போர் யார் என்பதையும் ஒரே பட்டியலில் வைத்தமை எண்ணத்தக்கது. கேட்போர் என்பதற்கு நூல் கேட்டற்கு உரியார் என்றே உரைகாரர் பொருள் கொள்வர். மறுமொழி கூறுவோர் என்று யாம் அதனை வலிந்து நீட்டவில்லை. ஆயினும், கேட்போர் இன்றி நூலின் வரலாறு நிறைவதில்லை என்பது அதனாற் பெறப்படும். காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். அவற்றுள் களன் என்பது நூல் அரங்கேறிய அவை. தொல்காப்பியப் பாயிரமும் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையையும் அதங்கோட்டாசானையும் குறிக்கத் தவறவில்லை.

இதனினும் வலியதொரு சான்று நன்னூலிலேயே உண்டு. எத்துணைக் கல்வி உடையனாயினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விலக்கி, சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியார் தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், தகுந்த உரைகாரன் என்று நால்வரை நன்னூலார் வகுக்கின்றார். படைத்தோன் வாயை மரபு அடைத்ததாயின், பிறர் வாயை அது திறந்து வைத்தல் வேண்டும் அன்றோ? அவரும் வாய் திறவாதவழி நூல் ஊமையாகும். மேலும், தன்னைப் புகழ்தலும் தகும் என்று அவர் விதிவிலக்குத் தரும் இடங்களுள் ஒன்று, தன் ஆற்றலை உணரார் நடுவண் நிற்கும் இடம். 'என் படைப்பைப் பாருங்கள். ஏதேனும் சொல்லுங்கள்' என்று இன்று வழிப்படைப்பாளன் கெஞ்சுவதை நாணமின்மை என்று இகழ்வோர் இவ்விதியை நினைவிற் கொள்க.

'பரிசுதான் வழங்கப்படுகின்றதே, அது மறுமொழி ஆகாதோ?' எனின், ஆகாது என்பதற்குப் புறநானூறு சான்று பகரும். சேலத்துக்கு அண்மைத்தாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பெருஞ்சித்திரனார் சென்றார். அவன் அவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்து அனுப்பினான். புலவர் அதனைக் கொள்ளவில்லை. காணாது ஈந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதியின் அளவை அறிந்து தருவதாயின் அது மிகச் சிறிதாயினும் இனிது என்றும் அவர் பாடியது 208ஆம் பாட்டு. வறுமையுற்ற புலவர் அவர் என்பதை மறத்தலாகாது. பொருளினும் மேலாக அவர் வேண்டியது தம்மைக் காணும் கண்ணையே. வண்டியில் வந்தோர் பரிசு பெற்ற பின்னும் ஏன் மனம் நிறைவதில்லை என்பதை இப்பாட்டைக் கொண்டே யாம் உணர்ந்தோம்.

காண்டல் என்பது பேசுதல் மட்டும் அன்று. இறையனார் களவியலுரை கூறும் உருத்திரசன்மன் கதையை அறியாதார் இலர். உரை செய்தாரும் சங்கப் புலவர். அதற்கு நடுவனாய் அமர்ந்தானோ ஐந்து வயதுடைய ஊமைச் சிறுவன். மருதன் இளநாகனார் உரையைக் கேட்கையில் சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் வடித்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்கோ சொல்தோறும் அவ்வாறு செய்தான். அதுகொண்டே மெய்யுரை துணியப்பட்டது. வரலாறாக இதனைக் கொள்ள வேண்டுவதில்லை. நம்மோர் ஒரு வழிப்படைப்பின் தகுதியை, அதாவது உரையின் தகுதியை, யாரிடம் ஒப்படைத்தனர் என்பதே ஈண்டு வேண்டுவது. இக்கதையில் மறுமொழி என்பது புகழ்ச்சியன்று. எவ்விடத்தில் நெகிழ்ந்தோம், எவ்விடத்தில் நெகிழவில்லை என்று காட்டிக் கொடுப்பதே மறுமொழி.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் முடிவுற்றபோது, கதைமாந்தர் பின்னர் என்னாயினர் என்று வினவிய வாசகர்க்கு ஆசிரியர் முடிவுரையில் விடை கூறினார். அக்கதையின் தொடர்ச்சியாக விக்கிரமன் பின்னர் 'நந்திபுரத்து நாயகி'யைப் படைத்தார். வாசகரின் வினாவே மேலும் ஒரு கதைக்கு இடம் உண்டு என்பதைக் காட்டிற்று எனல் பொருந்தும்.

ஆயின் இக்கடனைக் கட்டாயமாக்குதல் எமக்கு உடன்பாடன்று. 'மறுமொழி வந்தாலன்றி அடுத்த பகுதி எழுதேன்' என்பார் சிலர் உளர். அன்பினால் தொடங்கியதை அது கடைச்சரக்காக்கிவிடும். பெருஞ்சித்திரனார் பரிசிலை மறுத்தாரேயன்றிப் பாட்டை நிறுத்தவில்லை.

இவ்விடத்து எம் பிழையொன்றையும் கூறிவிடல் நன்று. முதுகலை மாணவர் ஒருவர் சோழர் கதையொன்றின் தொடர்ச்சியைத் தாமே எழுதி, ஏறத்தாழ நூறு பக்கங்களை எம்மிடம் படிக்கத் தந்தார். யாம் சந்திப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தோம். கதையைப் பற்றி ஒரு சொல்லும் உரைத்திலோம். உண்மையில் அதன் நடுப்பகுதி எம்மை இரவு நெடுநேரம் உறங்கவிடவில்லை. அதனைச் சொல்லுதல் ஆசிரியப் பணியன்று என்று அப்போது எண்ணினோம் போலும். அவர் மேற்கொண்டு எழுதியதாகத் தெரியவில்லை.

சென்ற ஆடியில் செவ்வாய்ப்பேட்டையில் வண்டிகள் கடந்து சென்றபோது, தெருவின் இருமருங்கும் கைப்பேசிகள் உயர்ந்தன, யாமும் உயர்த்தினோம். உலா முடிந்த பின், ஒரு சந்தில் வண்டியின் மூங்கிற் சட்டங்களை அவிழ்த்துக் கொண்டிருந்தோரைக் கண்டோம. முகத்தில் பாதிப் பச்சை அழிந்த ஒருவர் எம்மை நோக்கி, எங்கே நின்று பார்த்தீர்கள் என்று வினவினார். மண்டி முனையில் என்றோம். அங்கிருந்து பின்புறம் நின்ற பரதனின் கையிலிருந்த பாதுகை தெரிந்ததா என்று கேட்டார். அதனை வைப்பதற்காகவே விளக்கை இருமுறை மாற்றிக் கட்டினாராம். எமக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்றே கூறினோம். அவர் முகம் வாடவில்லை. எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று கையை உயர்த்திக் காட்டச் சொன்னார்.