ரூட்டர் அணைந்து எழும்போது என்ன நடக்கிறது?

ஒரு ரூட்டர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது என்பதை வைத்து, அணைத்துப் போட்டாலும் ஒழுங்காக எழுந்துவிடும் என்று சொல்ல முடியாது. இப்போது ஓடுவது நினைவகத்தில் இருக்கும் அமைப்பு. அடுத்த முறை எழப்போவது டிஸ்க்கில் எழுதிவைத்த அமைப்பு. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் விழுந்திருந்தால், ரீபூட் ஆகும் வரை அது கண்ணில் படாது. மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் ரூட்டரில் இப்படிச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். மின்சாரம் போய் வந்த ஒரு ராத்திரியில் எல்லாம் மொத்தமாக வெளியே வரும். அப்போது நெட்வொர்க் இருக்காது. நெட்வொர்க் இல்லாததால் வெளியூரிலிருந்து உள்ளே நுழைந்து சரிசெய்யவும் வழி இருக்காது.

விர்ச்சுவல் ரூட்டர் என்றால் கவனிக்க வேண்டியது இன்னும் கூடுதல். பெட்டியாக வாங்கும் ரூட்டரில் சுவிட்சைப் போட்டால் அதுவே எழும். விர்ச்சுவல் ரூட்டரோ ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடுகிறது. முதலில் சர்வர் எழ வேண்டும், பிறகு விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர், பிறகு ரூட்டருக்கான விர்ச்சுவல் மெஷின், அதற்குள் பூட்லோடர், கர்னல், கடைசியாகக் கான்ஃபிக் கோப்பு. ஒவ்வொரு படிக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ஒரு படி தவறினாலும் ரூட்டர் வராது, அல்லது அரைகுறையாக வரும்.

அந்தப் படிகளை வரிசையாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு வையோஸ் ரூட்டரை எடுத்துக்கொள்ளலாம். வயாட்டா என்ற ரூட்டர் மென்பொருள் நிறுவனத்தை 2012இல் பிரோகேட் நிறுவனம் வாங்கிய பிறகு, வயாட்டாவின் இலவசப் பதிப்பு நின்றுபோனது. 2013இல் அதன் மூலநிரலிலிருந்து பிரிந்து தனியாக வளர்ந்த திறமூல மென்பொருள்தான் வையோஸ். டெபியன் லினக்ஸ் மேல் கட்டப்பட்டது. கேவிஎம், விஎம்வேர் ஆகிய ஹைப்பர்வைசர்கள் இரண்டிலும் ஓடும். சிறிய அலுவலகங்களிலும் நெட்வொர்க் படிப்பவர்களின் வீட்டு லேப்களிலும் இதைப் பரவலாகப் பார்க்கலாம்.

ஹைப்பர்வைசர் செய்ய வேண்டியது

முதல் கேள்வி மிக எளிமையானது: சர்வர் எழுந்ததும் ரூட்டர் மெஷினைத் தானாக எழுப்பும்படி சொல்லியிருக்கிறோமா? பிராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் புதிதாக உருவாக்கும் மெஷினுக்கு இந்தத் தேர்வு இயல்பாக அணைந்தே இருக்கும். லினக்ஸில் லிப்வர்ட் வழியாகக் கேவிஎம் ஓட்டினாலும் அப்படித்தான். ஆட்டோஸ்டார்ட் என்று தனியாகக் குறிக்க வேண்டும். மெஷினைக் கையால் ஸ்டார்ட் செய்து, கான்ஃபிக் எல்லாம் போட்டு, நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இந்த ஒரு டிக்கை மறந்துவிடுவார்கள். சர்வர் ரீபூட் ஆகும் நாளில் மற்ற எல்லாம் எழுந்து நிற்கும், ரூட்டர் மட்டும் அணைந்து கிடக்கும்.

இரண்டாவது, வரிசை. அதே சர்வரில் டேட்டாபேஸ், ஃபைல் சர்வர், வெப் சர்வர் எல்லாம் இருந்தால் ரூட்டர்தான் முதலில் எழ வேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கலாம். அடுத்ததை எழுப்பும் முன் எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். ரூட்டருக்கு எண் 1 கொடுத்து, அது முழுதாக எழுந்து முகவரிகள் வழங்கத் தொடங்கும் அளவுக்கு நேரம் விடுங்கள். எவ்வளவு நேரம் என்பதை ஊகிக்க வேண்டாம். ஒருமுறை ரீபூட் செய்து கடிகாரத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, சுற்றிச் சுற்றி வரும் சார்பு. ரூட்டரின் டிஸ்க் நெட்வொர்க் வழியாக வரும் ஸ்டோரேஜில் இருந்து, அந்த ஸ்டோரேஜை அடையும் பாதையே இந்த ரூட்டர் வழியாகப் போனால், ரூட்டர் எழ ஸ்டோரேஜ் வேண்டும், ஸ்டோரேஜை எட்ட ரூட்டர் வேண்டும். இரண்டும் எழாது. ரூட்டர் மெஷினின் டிஸ்க்கைச் சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே வைப்பது இதற்கு நேரான தீர்வு.

சிடியில் மறந்துபோன ஐஎஸ்ஓ

வையோஸை நிறுவ ஐஎஸ்ஓ கோப்பைச் சிடி டிரைவில் மாட்டி பூட் செய்கிறோம். டிஸ்க்கில் நிறுவாமல் ஓடும் அந்த லைவ் நிலையிலேயே அது முழு ரூட்டராக வேலை செய்யும். லாகின் செய்யலாம், முகவரி கொடுக்கலாம், ஃபயர்வால் போடலாம், ‘சேவ்’ கூடச் செய்யலாம். ஆனால் அத்தனையும் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். ‘இன்ஸ்டால் இமேஜ்’ என்ற கட்டளையைக் கொடுத்து டிஸ்க்கில் நிறுவாத வரை, அணைந்ததும் எல்லாம் போய்விடும்.

நிறுவிய பிறகும் ஆபத்து தீர்வதில்லை. ஐஎஸ்ஓ டிரைவிலேயே கிடந்து, மெஷினின் பூட் வரிசையில் சிடி முதலில் இருந்தால், அடுத்த ரீபூட்டில் மறுபடி லைவ் நிலைதான் வரும். திரையில் வையோஸ் லாகின் தெரியும். பழைய கடவுச்சொல் வேலை செய்யாது. உள்ளே போனால் கான்ஃபிக் வெறுமை. டிஸ்க்கில் உங்கள் வேலை பத்திரமாகத்தான் இருக்கிறது, மெஷின் அதைத் தொடவில்லை, அவ்வளவே. இதைக் கண்டுபிடிக்க ‘ஷோ வெர்ஷன்’ கொடுத்துப் பாருங்கள். அதில் எங்கிருந்து பூட் ஆனது என்று ஒரு வரி வரும்: நிறுவிய இமேஜா, லைவ் சிடியா என்று அதுவே சொல்லிவிடும். நிறுவி முடித்ததும் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிட்டு, பூட் வரிசையில் டிஸ்க்கை முதலில் வையுங்கள்.

ஒரே டிஸ்க்கில் பல இமேஜ்கள்

வையோஸின் பூட் அமைப்பில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான். ஒவ்வொரு பதிப்பும் ஓர் இமேஜாக, பூட் அடைவுக்குள் தனக்கென ஓர் அடைவில் உட்கார்ந்திருக்கும். அதற்குள் கர்னல், தொடக்க ரேம்டிஸ்க், ரூட்டரின் முழு மென்பொருளும் சுருக்கி அடைத்த ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு, நாம் செய்யும் மாற்றங்கள் எழுதப்படும் தனி இடம் ஆகியவை இருக்கும். ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு படிக்க மட்டுமே. அதில் யாரும் எழுத முடியாது. ஆகவே புதுப் பதிப்பைச் சேர்ப்பதால் பழையது கெடாது.

‘ஆட் சிஸ்டம் இமேஜ்’ என்று கொடுத்துப் புதுப் பதிப்பின் முகவரியைச் சொன்னால், அது இறங்கிப் பழையதன் பக்கத்தில் நிறுவப்படும். ‘ஷோ சிஸ்டம் இமேஜ்’ என்னென்ன இமேஜ்கள் இருக்கின்றன, எது இப்போது ஓடுகிறது, எது அடுத்த முறை எழும் என்று காட்டும். ‘செட் சிஸ்டம் இமேஜ் டிஃபால்ட்-பூட்’ கொடுத்து அடுத்து எழ வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். எழும் நேரத்தில் கிரப் பூட்லோடர் சில வினாடிகள் இந்தப் பட்டியலைத் திரையில் காட்டும். புதுப் பதிப்பு தகராறு செய்தால், அம்புக்குறி விசையால் பழையதைத் தேர்ந்து எண்டர் தட்டினால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கான்ஃபிக் கோப்பும் ஒவ்வோர் இமேஜுக்கும் தனித்தனி. மேம்படுத்தும்போது, ஓடும் இமேஜின் கான்ஃபிக்கைப் புதியதற்கு நகல் எடுக்கவா என்று கேட்கும். எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் நகலெடுக்கவா என்று கேட்கும். சரி என்று சொன்னால் நகல் போகும். அதோடு இரண்டின் பாதையும் பிரிந்துவிடுகிறது. புதுப் பதிப்பில் இரண்டு மாதம் வேலை செய்து, பத்து ஃபயர்வால் விதி சேர்த்துவிட்டு, ஏதோ காரணத்துக்காகப் பழைய இமேஜுக்குத் திரும்பினால், அந்தப் பத்து விதியும் அங்கே இருக்காது. மேம்படுத்திய நாளில் இருந்த கான்ஃபிக்தான் எழும். பழைய இமேஜை அவசர வழியாக வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்தே வைத்திருக்க வேண்டும்.

புதிய கான்ஃபிக் கோப்பை அப்படியே பழைய பதிப்பில் கொண்டுபோய்ப் போடுவதும் சரிவராது. பழைய வடிவத்தில் இருக்கும் கான்ஃபிக்கைப் புதுப் பதிப்பு எழும்போது தானே மாற்றிக்கொள்ளும். அதற்கான ஸ்கிரிப்ட்கள் அதில் உண்டு. பழைய பதிப்புக்குப் புதிய வடிவம் புரியாது.

ஓர் இமேஜ் சில நூறு மெகாபைட் பிடிக்கும். சிறிய டிஸ்க் கொடுத்த மெஷினில் நாலைந்து பதிப்பு சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும். ஓடும் இமேஜை அழிக்க விடாது. மற்றவற்றை ‘டெலீட் சிஸ்டம் இமேஜ்’ மூலம் எடுத்துவிடலாம். இப்போது ஓடுவது ஒன்று, நன்றாக ஓடிய முந்தையது ஒன்று: இரண்டு இருந்தால் போதும்.

கமிட் வேறு, சேவ் வேறு

வையோஸில் ஒரு மாற்றத்தைச் செய்து ‘கமிட்’ கொடுத்தால் அந்த நொடியே நடைமுறைக்கு வரும். ஆனால் டிஸ்க்கில் ஏறாது. ‘சேவ்’ கொடுத்தால்தான் பூட் நேரத்தில் படிக்கப்படும் கான்ஃபிக் கோப்பில் எழுதப்படும். சேவ் செய்யாமல் வெளியேறினால் எச்சரிக்கை வரும். அவசரத்தில் இருப்பவர்கள் அதைப் படிப்பதில்லை. கான்ஃபிக் நிலையில் இருந்துகொண்டு ‘கம்பேர் சேவ்டு’ கொடுத்தால், இப்போது இருப்பதற்கும் சேமித்ததற்கும் உள்ள வித்தியாசம் வரி வரியாக வரும். வித்தியாசம் எதுவும் காட்டாவிட்டால் இரண்டும் ஒன்று. ரூட்டரை விட்டு எழும் முன் இதைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சேவ் செய்யாமல் இருப்பது சில நேரம் பாதுகாப்பாகவும் அமையும். தொலைவிலிருந்து ஃபயர்வாலைத் தொடும்போது ‘கமிட்-கன்ஃபர்ம்’ பயன்படுத்துங்கள். மாற்றம் அமலாகும், நீங்கள் சொன்ன நிமிடங்களுக்குள் ‘கன்ஃபர்ம்’ கொடுக்காவிட்டால் ரூட்டர் தானே பழைய அமைப்புக்குத் திரும்பும். நேரம் எதுவும் சொல்லாவிட்டால் 10 நிமிடம். தவறான விதி போட்டு உங்களையே வெளியே பூட்டிக்கொண்டாலும், காத்திருந்தால் கதவு திறக்கும்.

எழும்போது கான்ஃபிக்கில் ஏதாவது ஒரு பகுதி ஏற்கப்படாமல் போனால், லாகின் செய்ததும் வையோஸ் எச்சரிக்கும். அந்த நிலையில் ‘சேவ்’ செய்யக் கூடாது. நினைவகத்தில் இருப்பது அரைகுறை கான்ஃபிக். அதைச் சேமித்தால் டிஸ்க்கில் இருக்கும் முழுக் கான்ஃபிக்கின் மேல் எழுதிவிடும். முதலில் கோப்பை நகலெடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, பிறகு பிழையைத் தேடுங்கள்.

குளோன் செய்த ரூட்டர்

நன்றாக ஓடும் ரூட்டரைக் குளோன் செய்து இன்னொன்று உருவாக்குவது விர்ச்சுவல் உலகின் பெரிய வசதி. ஆனால் குளோனுக்கு ஹைப்பர்வைசர் புதிய மேக் முகவரிகளைக் கொடுக்கும். வையோஸின் கான்ஃபிக்கில் ஒவ்வொரு ஈதர்நெட் இணைப்புக்கும் கீழே ‘ஹெச்டபிள்யூ-ஐடி’ என்று அதன் மேக் முகவரி எழுதப்பட்டிருக்கும். குளோன் எழும்போது, கான்ஃபிக்கில் உள்ள முகவரிகளுடன் எந்த நெட்வொர்க் அட்டையும் பொருந்தாது. ஆகவே ‘ஈத் 0’, ‘ஈத் 1’ என்ற பெயர்கள் காணாமல்போன பழைய அட்டைகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்க, புது அட்டைகள் ‘ஈத் 2’, ‘ஈத் 3’ என்று எழுந்து நிற்கும். ஐபி முகவரிகள் எல்லாம் இல்லாத அட்டையில் மாட்டியிருக்கும். கன்சோல் வழியாகப் போய், பழைய ‘ஹெச்டபிள்யூ-ஐடி’ வரிகளைப் புதிய மேக் முகவரிக்கு மாற்றி, கமிட், சேவ், ரீபூட் செய்தால் சரியாகும்.

கன்சோல் என்ற கடைசிக் கதவு

நெட்வொர்க் எழாத ரூட்டருக்குள் போக ஒரே வழி ஹைப்பர்வைசரின் கன்சோல்தான். அது திரையாக இருக்கலாம், சீரியல் போர்ட்டாக இருக்கலாம். ரூட்டர் தன் செய்திகளைச் சீரியலுக்கு அனுப்ப, நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், தொங்கிவிட்டது போலத் தெரியும். உள்ளே அது ஒழுங்காக எழுந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கன்சோலைக் காட்டுகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மறந்த கடவுச்சொல்லை மாற்றும் வழியும் கிரப் பட்டியலிலேயே இருக்கிறது. நமக்கு உதவும் அதே வழி மற்றவர்களுக்கும் திறந்திருக்கும். ஹைப்பர்வைசர் கன்சோல் யார் கையில் இருக்கிறதோ, ரூட்டரும் அவர் கையில்தான். ஆகவே ஹைப்பர்வைசரின் கடவுச்சொல்லை ரூட்டரின் கடவுச்சொல்லைவிடக் கவனமாகக் காப்பாற்ற வேண்டும்.

வேறு ரூட்டர்களிலும் இதே கதை

பெயர்கள் மாறினாலும் விஷயம் மாறாது. சிஸ்கோ ரூட்டர்களில் ‘பூட் சிஸ்டம்’ வரிகள் எழுதிய வரிசைப்படியே முயற்சி செய்யப்படும். பழைய வரியை எடுக்காமல் புதியதைக் கீழே சேர்த்தால், பழைய மென்பொருளே மறுபடி எழும். கான்ஃபிக் ரெஜிஸ்டர் என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். பதினாறடிமான எண்முறையில் 2102 என்பது வழக்கமான மதிப்பு. 2142 என்றால் சேமித்த கான்ஃபிக்கைப் படிக்காமல் எழும். கடவுச்சொல்லை மீட்க 2142 வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் 2102க்குத் திருப்ப மறந்தால், அடுத்த ரீபூட்டில் ரூட்டர் வெறுமையாக வந்து நிற்கும்.

வேண்டுமென்றே ஒரு ரீபூட்

இத்தனைக்கும் ஒரே பரிசோதனைதான் உண்டு: நாமே நேரம் குறித்து ரீபூட் செய்து பார்ப்பது. நினைவகத்தோடு எடுத்த ஸ்நாப்ஷாட்டை மீட்டுப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அது விட்ட இடத்திலிருந்து தொடரும், பூட் பாதையைத் தொடவே தொடாது.

பயனர்கள் இல்லாத நேரமாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் ‘கம்பேர் சேவ்டு’ பாருங்கள். கான்ஃபிக் கோப்பின் நகலை ரூட்டருக்கு வெளியே, வேறு கணினியில் வையுங்கள். ‘ஷோ சிஸ்டம் இமேஜ்’ கொடுத்து எது எழப்போகிறது என்று உறுதி செய்யுங்கள். கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ரீபூட் கொடுங்கள். எழுந்ததும் இணைப்புகளின் பெயர், முகவரி, ரூட்டிங் அட்டவணை, உள்ளிருந்து வெளியே போகும் ஒரு பிங், வெளியிலிருந்து உள்ளே வரும் விபிஎன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது சர்வரையே ரீபூட் செய்து, யாரும் எதையும் தொடாமல் முழு நெட்வொர்க்கும் எழுகிறதா என்று பாருங்கள்.

இதில் கோளாறு வந்தால் அது நல்ல செய்தி. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், கன்சோல் திறந்திருக்கிறது, பழைய இமேஜ் காத்திருக்கிறது, யாரும் அவசரப்படுத்தவில்லை. அதே கோளாறு உங்களைக் கேட்காமல் வரும் நாளில் இந்த நான்கில் ஒன்றுகூட இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு ரீபூட்டை வேலையின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டர் எழுந்து நின்ற பிறகே அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு.